கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

எந்த நாளிதழ் கையில் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்ப்பது என் பழக்கம். எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். இன்னாருக்காக இன்னார், இந்த முகவரியில் உள்ள அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டது, ஆசிரியர் இன்னார். சில இதழ்களில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, செய்தித் தேர்வுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் அவர்தான் என்றும் சேர்த்திருப்பார்கள். நான் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதின்மூன்று ஆண்டுகள், செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடும் துணை ஆசிரியராக இருந்தவன். தலைப்பில் எழுத்துப் பிழை போனால் மறுநாள் காலைத் திட்டோடு விவகாரம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பொடி வரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் தலைமைத் துணை ஆசிரியரின் குரலே மாறிவிடும். "தலைப்பே இல்லாமல்கூடப் பேப்பர் போகலாம் தம்பி, இது இல்லாமல் போகக் கூடாது" என்பார்.

அந்த வரிக்கு வயது 150-ஐத் தாண்டிவிட்டது. 1867-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் போட்ட விதி அது. என்ன எழுதலாம், எழுதக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டம் மெனக்கெடவில்லை. வம்பு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டது. அதன் பலன் 1908-இல் தெரிந்தது. 'இந்தியா' வார இதழில் அனல் பறக்க எழுதிக்கொண்டிருந்தவர் பாரதியார். பதிவேட்டில் இருந்த பெயர் சீனிவாசன். ராஜத்துரோக வழக்கு வந்தபோது சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். இதழும் பின்னாலேயே போய் அங்கிருந்து வெளிவந்தது. பாரதியாரைப் பற்றி அலமாரி கொள்ளாத புத்தகங்கள் இருக்கின்றன. சீனிவாசனைப் பற்றி நான் படித்ததெல்லாம் சேர்த்தால் இரண்டு பத்தி தேறும்.

அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2023-இல் புதிய சட்டம் இயற்றினார்கள். 2024 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போய் நிற்கும் அலைச்சல் குறைந்து, பதிவு இணையத்துக்கு மாறியிருக்கிறது. அடியில் ஓடும் வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

பத்திரிகைகளுக்குக் கடிவாளம் வேண்டுமா, வேண்டாமா என்று ஆண்டுக்கொரு முறையாவது யாரேனும் ஒரு விவாதத்தைக் கிளப்புவார்கள். கடிவாளம் ஏற்கெனவே பலர் கையில் இருக்கிறது என்பதுதான் டெஸ்கில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது. அவற்றில் சட்டம் என்ற பெயரில் இருப்பவை சிலவே. அவற்றையும் இழுத்துப் பார்க்க எந்தக் கட்சியும் தயங்கியதில்லை.

சென்னை மாகாணத்துக்கு இதில் ஒரு முன்னோடிப் பெருமையே உண்டு. 1950-இல், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. இதழை நடத்திய ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தோற்ற கட்சி ஆட்டத்தின் விதியையே மாற்றியது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்துகொண்டது. அந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றம், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றமாகக்கூட இருக்கவில்லை. முதல் பொதுத்தேர்தலே அதற்குப் பிறகுதான் நடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் அடிக்கடி சொல்லிச் சிரித்த கதை 1987-இல் நடந்தது. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர்போல இருப்பவர் முன்னவர், முகமூடிக் கொள்ளைக்காரர்போல இருப்பவர் பின்னவர் என்று பதில் வருகிறது. இதில் சட்டமன்றத்தின் மாண்பு குலைந்துவிட்டதாம். பி.எச். பாண்டியன் அப்போது பேரவைத் தலைவர். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று அவையிலேயே முடிவானது. வழக்கு, சாட்சி, வக்கீல் என்று எதுவும் கிடையாது. எதிர்ப்பு பலமாகவே, சில நாளிலேயே விடுவித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போய், பல ஆண்டுகள் கழித்து ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார்.

1992-இல் தி.மு.க. நாளேடான முரசொலியின் ஆசிரியர் செல்வத்தை வரவழைத்து, சட்டமன்றத்துக்குள் அதற்கென்றே செய்த கூண்டில் நிறுத்தினார்கள். கூண்டு செய்யச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுத்தவர் யார் என்று யோசித்துப் பார்ப்பேன். மரம் வாங்கியிருப்பார்கள், செலவுச் சீட்டு எழுதியிருப்பார்கள், கோப்பில் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 2003 நவம்பர் 7-இல் அடுத்த சுற்று நடந்தது. 'தி இந்து' வெளியிட்ட ஒரு தலையங்கத்துக்காகவும் சில செய்திகளுக்காகவும் அதன் ஆசிரியர், பதிப்பாளர், செய்தியாளர் என ஐந்து பேருக்குப் பதினைந்து நாள் சிறை விதித்தார்கள். அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் அதே பதினைந்து நாள். பதினோரு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாக மாட்டிக்கொண்டவர் அதே செல்வம். நவம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் யாரும் உள்ளே போகவில்லை.

இந்த அதிகாரம் அரசியல் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் இருந்து வருகிறது. சட்டமன்றத்தின் உரிமைகளைச் சட்டம் போட்டு வரையறுக்கும் வரை, பிரிட்டிஷ் கீழவைக்கு இருந்த உரிமைகளே நமக்கும் என்று அதில் எழுதிவைத்தார்கள். பின்னால் சொற்களை மாற்றினாலும் வரையறுக்கும் வேலை நடக்கவில்லை. அந்தக் கீழவையோ 1880-க்குப் பிறகு ஒருவரையும் அடைத்துவைக்கவில்லை. நாம் இரவல் வாங்கிய ஆயுதத்தை, கொடுத்தவர்கள் பரணில் போட்டுவிட்டார்கள்.

மேலே சொன்ன சட்டமன்றத் தண்டனைகள் மூன்றும் அ.தி.மு.க. ஆட்சிகளில் நடந்தவை என்பதால் மற்றவர்கள் உத்தமர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1971-இல் துக்ளக் இதழ்ப் பிரதிகளைப் பறிமுதல் செய்யப் போலீஸை அனுப்பியது தி.மு.க. ஆட்சி.

தமிழ்நாட்டில் பத்திரிகைக்கும் அரசியலுக்கும் இடையே உள்ளதை உறவு என்று சொல்வதுகூடப் பொருந்தாது. பல நேரங்களில் இரண்டும் ஒரே ஆள். பெரியார், அண்ணா, கருணாநிதி மூவரும் பத்திரிகை நடத்தித்தான் கட்சி வளர்த்தார்கள். தினத்தந்தியை 1942-இல் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் 1967-இல் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். அச்சு மையின் வாசனை தெரிந்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் பத்திரிகைகளுக்கு நிம்மதி என்று வெளியூர் நண்பர்கள் நினைப்பதுண்டு. செய்தி எந்த இடத்தில் வலிக்கும் என்று வெளியாளைவிட வீட்டாளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

அந்த அனுபவம் எதிர்ப்பக்கத்திலும் உதவியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கடிநிலையின்போது 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் யார் யார் கைதானார்கள் என்று செய்தி போடத் தணிக்கை அதிகாரி விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை முரசொலி வெளியிட்டது. மாவட்டவாரியாகக் கைதானவர்களின் பட்டியல்தான் அது. காலையில் அதைப் படித்த குடும்பங்களுக்குப் புரிந்தது. என் பார்வையில் தமிழ் இதழியலின் ஆகச் சிறந்த துணை ஆசிரியர் வேலை அதுதான். தலைப்பை மாற்றியதால் செய்தி தணிக்கையைத் தாண்டியது.

சிறையும் கூண்டும் நினைவில் நிற்கின்றன. அன்றாடம் பத்திரிகையை வளைப்பவை நினைவில் நிற்காத சங்கதிகள். அவதூறு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரையோ அமைச்சரையோ விமர்சித்தால் அவருக்காக அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. வழக்கு நடத்த அவர் கைக்காசு செலவில்லை. ஐந்தாண்டில் 213 அவதூறு வழக்குகள், அவற்றில் 55 ஊடகங்கள்மீது என்று தமிழக அரசின் கணக்கு 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட வழக்குகளின் தொகுப்பு ஒன்றை ரத்து செய்தபோது, அரசு வழக்கறிஞர் தபால் நிலையம்போலச் செயல்படக் கூடாது என்று கண்டித்தது. இவற்றில் தண்டனை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று தேடுவது வீண்வேலை. வாய்தாவுக்கு வாய்தா செய்தியாளர் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். வழக்கு போட்டவர்களின் நோக்கம் அதிலேயே நிறைவேறிவிடும்.

இதையும் தாண்டிய ஒரு கடிவாளத்தைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுதியதில்லை. அதன் பெயர் பிறந்தநாள் சிறப்பு மலர்.

வெளியில் இருப்பவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருந்ததில்லை. அச்சான செய்திக்குக் கொஞ்சம் காசு, பெட்ரோலுக்குக் கொஞ்சம், மீதியெல்லாம் விளம்பரக் கமிஷன். விளம்பரம் யார் கொடுப்பார்கள்? ஊரில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் ஆடிக்கும் தீபாவளிக்கும் கொடுக்கும். ஆண்டு முழுவதும் கொடுப்பவர்கள் கட்சிக்காரர்கள். தலைவர் பிறந்தநாள், மாவட்டச் செயலாளர் பிறந்தநாள், அமைச்சர் வருகை, கட்சி மாநாடு என்று நான்கு பக்க மலர் போடலாம். ஆக, ஒரு வட்டாரப் பிரமுகர் ஏரியை ஆக்கிரமித்தால் அதை எழுத வேண்டியவரும், அதே பிரமுகரின் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு விளம்பர ரசீதுப் புத்தகத்தோடு நிற்க வேண்டியவரும் ஒருவரே.

என் டெஸ்குக்கு அப்படி ஓர் ஏரிச் செய்தி வந்தது. அனுப்பிய நிருபர் நல்ல உழைப்பாளி. சர்வே எண், பட்டா விவரம், மண் கொட்டிய லாரிகளின் படம் எல்லாம் சேர்த்திருந்தார். அதே தபாலில், அந்தப் பிரமுகரின் அரை நூற்றாண்டு நிறைவுக்கான மலரின் விளம்பர ஆர்டர்களும் இருந்தன. நிருபர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. விளம்பரப் பிரிவும் வாயைத் திறக்கவில்லை. சென்னையில் இருந்து போனும் வரவில்லை. நானாகவே அந்தச் செய்தியின் மேல் 'ஹோல்டு' என்று சிவப்பு மையில் எழுதி ஓரமாக வைத்தேன். மலர் வந்து போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது என் கணக்கு. அடுத்த வாரம் வேறு ஏதோ வந்தது. ஒரு மாதம் கழித்து அந்த நிருபர் வந்திருந்தபோது ஏரியைப் பற்றி நான் பேச்சை எடுத்தேன். "விடுங்கள் சார், மழை வந்தால் தானாகத் தெரிந்துவிடும்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, ஆசுவாசம்.

கவர் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. செய்தியாளர் கூட்டம் முடிந்ததும் அறிக்கை நகலோடு பணம் வைத்த உறை கைக்கு வரும். வாங்கியவர்கள் உண்டு, திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அதற்கு ஒரு முகம் இருப்பதால் மறுக்கவாவது முடியும்.

இந்த நாட்டில் பத்திரிகைகளைக் கேள்வி கேட்கவென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. முதல் பத்திரிகை ஆணையம் 1954-இல் பரிந்துரைத்து, 1966-இல் பிறந்த பிரஸ் கவுன்சில். நெருக்கடிநிலையில் அதையே கலைத்துவிட்டார்கள். பல்லே இல்லாத அமைப்பைக் கண்டு அவ்வளவு பயம் ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1978-இல் புதிய சட்டம் போட்டு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். தலைவர் நீங்கலாக 28 உறுப்பினர்களில் 20 பேர் பத்திரிகைத் துறையினர், ஐந்து பேர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். தவறு செய்த இதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கடிந்துகொள்ளலாம். அபராதம் போட முடியாது. நாம் பள்ளியில் வாங்கியதைவிடக் குறைந்த தண்டனை.

அதன் உண்மையான சோதனை 2010-இல் வந்தது. தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்திபோல வெளியிடும் வழக்கத்தை ஆராய, இரண்டு உறுப்பினர்கள் கொண்ட துணைக்குழு 71 பக்க அறிக்கை கொடுத்தது. அதில் இதழ்களின் பெயர்கள் இருந்தன. கவுன்சிலில் இருந்த பத்திரிகை முதலாளிகள் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. பெயர்களைக் கழித்த சுருக்கம் மட்டும் அதிகாரபூர்வமாக வெளியானது. முழு அறிக்கையை வெளியிடும்படி மத்தியத் தகவல் ஆணையம் அடுத்த ஆண்டு உத்தரவிட வேண்டியிருந்தது. ஊரார் ஒளித்துவைப்பதையெல்லாம் தோண்டி எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தொழிலின் சொந்த அறிக்கையை, தகவல் உரிமைச் சட்டம் வந்து தோண்டியது.

வெள்ளைக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு, பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையை நினைவூட்டுவேன். கொலையுண்ட சிறுமியின் கைப்பேசிச் செய்திகளைக்கூடத் திருட்டுத்தனமாகக் கேட்ட விவகாரம் வெடித்து, 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' 2011-இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் ஆசிரியர் ஒருவர் பிரதமர் கேமரனின் தகவல் தொடர்பு இயக்குநராக இருந்திருக்கிறார். இன்னொரு முன்னாள் ஆசிரியரான ரெபெக்கா புரூக்ஸ், பிரதமர் தமக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளை 'எல்.ஓ.எல்.' என்று முடிப்பார் என விசாரணையில் சொன்னார். நிறைய அன்பு என்று அதற்குப் பொருள் என நினைத்திருந்தாராம் பிரதமர். வாய்விட்டுச் சிரிப்பது என்று இவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கள் ஊர் ரசீதுப் புத்தகத்துக்கு அங்கே இதுதான் வடிவம். 2012 நவம்பரில் கிட்டத்தட்ட 2,000 பக்க அறிக்கை வந்தது. அங்கீகாரம் பெற்ற ஒழுங்குமுறை அமைப்பில் சேராத இதழ்கள், வழக்கில் ஜெயித்தாலும் எதிராளியின் செலவையும் ஏற்க நேரலாம் என்று 2013-இல் ஒரு சட்டப் பிரிவு எழுதினார்கள். ஒரு நாள்கூட அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் 2024-இல் நீக்கிவிட்டார்கள். பெரிய இதழ்கள் பலவும் தங்களுக்குத் தாங்களே ஓர் அமைப்பு வைத்துக்கொண்டு அதில் இருக்கின்றன.

அந்தப் பிரிவு செத்ததில் பத்திரிகைக்காரனாக எனக்கு மகிழ்ச்சிதான். அரசின் கையில் சாவி போனால் என்ன ஆகும் என்று கூண்டு செய்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? ஆனால் இந்த மகிழ்ச்சி வரும்போதெல்லாம் ஒரு மனிதரின் முகமும் கூடவே வந்துவிடுகிறது.

அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். சங்கத்தில் பணம் கையாடல் என்று போலீஸ் வழக்கு. எங்கள் நிருபர் அனுப்பிய செய்தியில் மூன்று பெயர்கள். ஒருவர் ஆளுங்கட்சிப் பிரமுகர். மாலையில் மேலிடத்தில் இருந்து, அந்தப் பெயரை இப்போதைக்கு வேண்டாம், உறுதி செய்துகொண்டு போடலாம் என்றார்கள். எடுத்தேன். மற்ற இரண்டு பெயர்களையும் உறுதி செய்துகொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கணக்கரின் படம் கிடைத்திருந்தது. இரண்டு பத்தி அகலத்தில் போட்டோம். வழக்கில் இருந்தது அதே பெயர் கொண்ட வேறொருவர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து வேறு என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. ஏழாம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்கு மேலே, 'வருந்துகிறோம்' என்று ஐந்து வரி வெளியிட்டோம். படம் போடவில்லை.

மறுவாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். வெளுத்த சட்டை, கையில் மஞ்சள் பை. சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். பையில் இருந்து இரண்டு நாளிதழ்களையும் எடுத்து மேசையில் பக்கம்பக்கமாக விரித்தார். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை என்றார். இந்த ஐந்து வரியை யாரும் படிக்கவில்லை, படித்தவர்களும் காசு கொடுத்துப் போடவைத்தது என்கிறார்கள் என்றார். இதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார்.

பிரஸ் கவுன்சில் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், அதன் பிறகு செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் டெல்லிக்குப் புகார் அனுப்பலாம், வக்கீல்கூடத் தேவையில்லை என்பதும் தெரியும். இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி இருந்தது. நான் டீ வரவழைத்தேன்.

அவர் டீயைத் தொடவில்லை. நாளிதழைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பொடி எழுத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"செய்திக்கு இவர்தான் பொறுப்பு என்று போட்டிருக்கிறதே, இவரைப் பார்க்க முடியுமா?"

அவர் சென்னையில் இருக்கிறார் என்றேன். பதின்மூன்று ஆண்டுகளில் நானே அவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். முகவரி இதில் இருப்பதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு தாள்களையும் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். சென்னைக்கு இரவு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு படியிறங்கினார்.